மூன்றாவது பாலத்துச் சேறு

போலீஸ்காரரைக் கண்டாலும் இராஜம்மாவுக்குப் பயம் கிடையாது. பிள்ளையைத் தாமதமாக அனுப்பிவிட்டு வேன்காரியிடமே சண்டைக்கு வரும் தாய்மாரைக் கண்டாலும் கிடையாது. இருபத்து நான்கு வருடமாகக் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். வெள்ளம், நெரிசல், பின்சீட்டில் வாந்தி எல்லாம் பார்த்தவள். அப்படிப்பட்டவள் அறுபதாவது வயதில் ஒரு பூச்சிக்குப் பயந்து மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். அதுவும் கடிக்கத் தெரியாத, கொட்டத் தெரியாத, கையால் தொட்டால் தன் காலைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு விழுகிற ஓர் அப்பாவிப் பூச்சிக்கு.

அது எங்கே இருந்தது என்று சொன்னால்தான் கதை புரியும். இராஜம்மா குடியிருக்கும் தாமான் குடியிருப்பின் கடைசிச் சந்தில், வேப்பமரத்தடியில் ஒரு சின்ன மாரியம்மன் கோவில். தகரக் கூரை, மூன்று பக்கம் பலகைச் சுவர், நடுவில் சிமெண்டுக் கரை கட்டிய ஒரு சதுரத் தொட்டி. தொட்டி நிறைய மண், மண்ணில் ஊன்றிய சூலம். அவ்வளவுதான் அம்மன். கட்டியவர்கள் எல்லாரும் கோலகுபு பாரு பக்கம் இருந்த சுங்கை தெரத்தாய் தோட்டம் மூடப்பட்ட பிறகு இங்கே வந்து குடியேறியவர்கள். கோவில் தலைவர் இராஜம்மாவின் கணவர் திருச்செல்வம். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே மேலாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதற்குச் சேர்த்து வைத்து, இங்கே ஒருவர் சொல்லையும் கேட்க மாட்டார்.

தினமும் காலை ஐந்து மணிக்கு, வேனைக் கிளப்புவதற்கு முன்னால், இராஜம்மா அந்தத் தொட்டி மண்ணில் தண்ணீர் ஊற்றுவாள். குழாய்த் தண்ணீர் இல்லை. கோவில் கூரையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து, கொசு வராமல் வலை கட்டி மூடி வைத்து, அதிலிருந்து மொண்டு ஊற்றுவாள். பதினெட்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் என்றாலும் எழுந்து போவாள். மகள் சந்திரகலா வீட்டுக்கு ஜொகூர் போனால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, போனில் இரண்டு தடவை கேட்டு ஊற்ற வைப்பாள். ஏதோ பெரிய வேண்டுதல் என்று எல்லாரும் நினைத்தார்கள். திருவிழாவில் இரண்டு முறை பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையோடு அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

இந்த வருடம் தாமானில் இரண்டு பேருக்கு டெங்கி வந்தது. உடனே எல்லாரும் அவரவர் வீட்டை விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டு லோங்காங் சாக்கடையில் கொசு தேடக் கிளம்பினார்கள். அப்போதுதான் யாரோ கோவில் பலகைச் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். இருட்டு மூலையில் சிலந்தி நூலில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, விரல் நீளக் கால்களோடு, என்னவோ பூச்சிகள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. படம் தாமான் வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே ஒரு செய்தி: ராட்சதக் கொசு, கோவிலுக்குள்ளேயே வளருது, கமிட்டி என்ன பண்ணுது?

கமிட்டி என்றால் திருச்செல்வம். அவருக்கு ரத்தம் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை புகை அடிப்பது என்று முடிவாகிவிட்டது. அதற்குள் படத்தைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலையே புனிதா வந்து நின்றாள்.

புனிதா மூன்றாவது சந்தில் வளர்ந்த பெண். ஆறு வருடம் இராஜம்மாவின் வேனில்தான் பள்ளிக்கூடம் போனாள். வழியில் வண்டு, மரவட்டை எதையாவது தீப்பெட்டியில் அடைத்து வேனுக்குள் கொண்டு வந்து திறந்துவிட்டு, முழு வேனையும் கத்த வைத்தவள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் ஈ வகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தீப்பெட்டிக்குப் பதில் கையில் கண்ணாடிக் குப்பி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சுவர் இடுக்கில் தவழ்ந்து போனாள். அரை மணி நேரம் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை.

"ஆன்டி, இது கொசு இல்ல லா. கடிக்கிற வாயே கிடையாது. கிரேன் ஃப்ளைன்னு சொல்லுவோம்."

"கிரேனா? போர்ட்ல நான் பாக்காத கிரேனா?" என்றார் திருச்செல்வம்.

"அந்த கிரேன் இல்ல அங்கிள், கொக்கு. கால் நீளம், அதனால. முப்பத்தொண்ணு எண்ணினேன்." அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. "ஆனா இது இங்க இருக்கவே கூடாது. எனக்கு ஒண்ணும் புரியல. புகை மட்டும் அடிச்சிடாதீங்க அங்கிள், ப்ளீஸ்."

அடுத்த புதன்கிழமை மாலை புனிதா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் தாள்கள். வரவேற்பறையில் திருச்செல்வம் சாய்வு நாற்காலியில், இராஜம்மா சமையலறை வாசலில். பூச்சிக்கு ஒரு லத்தீன் பெயர் சொன்னாள். இராஜம்மாவின் வாயில் அது நுழையவே இல்லை. தாமான்காரர்கள் அதற்குள் நெட்டைக்காலன் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"இந்த வகையைப் பத்தி உலகத்துலயே மொத்தம் ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருக்காங்க ஆன்டி. ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு ஓடையோரமா நாலு பிடிச்சார். போன வருஷம் நாங்க அதே ஓடையில மறுபடி பாத்தோம். அவ்ளோதான். மத்த எந்த எடத்துலயும் யாரும் பாத்தது இல்ல. பெரிசானா நாலஞ்சு நாள்தான் உயிரோட இருக்கும். பலமா பறக்கவும் தெரியாது. குஞ்சுப் புழுவா பாசிச் சேத்துக்குள்ள இருக்கறதுதான் அதோட வாழ்க்கை. அது எப்படி கிள்ளானுக்கு வந்துச்சு?"

"எந்த ஓடை?" என்றார் திருச்செல்வம்.

"கோலகுபு பாருல இருந்து மலைக்குப் போற ரோடு இருக்குல்ல, அந்தப் பக்கம்."

திருச்செல்வம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நம்ம தோட்டம் அங்கதானே இருந்துச்சு! ஏ ராஜம்மா, கேட்டியா? பிடிமண்ணு! அம்மனோட வந்திருக்கு!"

புனிதாவுக்கு அவர் விளக்கினார். பழைய கோவிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புதிய இடத்தில் வைத்துத்தான் அம்மனைக் குடியேற்றுவது வழக்கம். ஒரு பிடியெல்லாம் போதாது, தொட்டி நிறைய வேண்டும் என்று சொன்னவர் இவர். அன்றைக்கு இவருக்குப் போர்ட்டில் இரட்டை ஷிப்ட். அதனால் மனைவிதான் விரதமிருந்து, மஞ்சள் சேலை கட்டி, வேனில் போய் இரண்டு பெரிய வாளி மண் எடுத்து வந்தாள். தோட்டத்து அம்மன் காலடி மண்.

"அப்படியா ஆன்டி?" என்று புனிதா திரும்பினாள். கண்ணெல்லாம் வெளிச்சம்.

"ஆமா," என்றாள் இராஜம்மா. சமையலறைக்குள் போய், கொதிக்காத பாலை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏனென்றால் அது பொய். பதினெட்டு வருடப் பொய்.

அன்றைக்கு நடந்தது இதுதான். துணைக்கு அடுத்த வீட்டு ஜுபைதா வந்தாள். அப்போது அவள் இதே தாமானில் வீடு வீடாகத் துணி விற்றுக்கொண்டிருந்தாள். இருவரும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. தோட்டத்தை ஒரு வீட்டுத் திட்டக்காரர்களுக்கு விற்றாகிவிட்டது. ஆளுயரத்துக்கு மேல் தகர வேலி, பூட்டிய கேட், காவலுக்கு ஒரு ஜாகாக்காரர். கடிதம் இல்லாமல் விட மாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை, கடிதம் கொடுக்கும் அலுவலகம் மூடியிருந்தது. இராஜம்மா கெஞ்சினாள், அழுதாள், கோவிலுக்கு என்று கும்பிட்டாள். மனுஷன் கேட்டுக்கு உள்ளே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வேலிக்கு வெளியே சுரண்டலாம் என்றால், தார் சாலையும் கொட்டி வைத்த ஜல்லியும்தான் இருந்தன. மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம்.

இவ்வளவு தூரம் வந்தோம், மலை ரோட்டில் கொஞ்சம் போய் உட்கார்ந்து யோசிப்போம் என்றாள் ஜுபைதா. அவள் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள் என்பதும் ஒரு காரணம். மூன்றாவது பாலத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினார்கள். கீழே ஓடை. பாறையெல்லாம் பச்சைப் பாசி, பாறை அடியில் சொதசொதவென்று சேறு. ஜுபைதா சாப்பிட்டாள். இராஜம்மா விரதம், அழுதாள்.

"அழுதா மண்ணு வருமா?" என்றாள் ஜுபைதா கையை அலம்பிக்கொண்டே. "இந்தா கெடக்கு மண்ணு. இந்த மலைத் தண்ணிதானே கீழ உங்க தோட்டத்துக்கும் ஓடுது? அள்ளு."

டிபன் மூடியால் அள்ளினார்கள். பாசியும் சேறுமாக இரண்டு வாளி. மேலே மஞ்சள் துணி போட்டுக் கட்டினார்கள். தாமான் முனையில் உருமி மேளத்தோடு வரவேற்பு. பெண்கள் சேற்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்கள். சொல்லிவிடலாம் என்று இராஜம்மா மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் மேளம் அடித்தது.

ஒரு வாரத்தில் தொட்டியின் ஓரம் காய்ந்தது. காய்ந்த இடம் வெள்ளை வெளேரென்று, நடுநடுவே மினுமினுப்போடு. தோட்டத்து மண் செம்மண். "என்னடி இது, நம்ம மண்ணு செவப்பால்ல இருக்கும்?" என்று ஒரு கிழவி கேட்டதுதான் தாமதம், இராஜம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். நனைந்தால் எல்லா மண்ணும் ஒரே கறுப்பு. மேலே குங்குமமும் மஞ்சளும் விழுந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் அதுவும் வெள்ளைக் கறை விட்டது. அதனால் மழைத் தண்ணீர். பதினெட்டு வருட பக்தியின் கதை இவ்வளவுதான்.

இதில் அவளுக்கு ஒரு நஷ்டம் இருந்தது, அது யாருக்கும் தெரியாது. அந்த அம்மனிடம் அவள் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. கேட்க வாய் வரவில்லை. சந்திரகலாவுக்குப் பிரசவம் சிக்கலானபோது ஊர் முழுக்க இந்தக் கோவிலில் வேண்டிக்கொள்ள, பெற்றவள் மட்டும் பத்துமலைக்கு ஓடிப் பால்குடம் எடுத்தாள். வீட்டு வாசலில் இருக்கும் அம்மன் உனக்கு ஆகாதா என்று திருச்செல்வம் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. புகை அடிப்பது ரத்து. தொட்டிக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது என்று கயிறு கட்டினார். ஆடித் திருவிழா நோட்டீசில் "அம்மனோடு தோட்டத்திலிருந்து வந்த அபூர்வ ஜீவன்" என்று ஒரு வரி சேர்த்து ஐந்நூறு பிரதி அச்சடித்துவிட்டார். ராட்சதக் கொசு என்று எழுதிய அதே ஆள் சிலந்தி நூலுக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்ற வந்தார். அவரைத் திருச்செல்வம் விரட்டியடித்தார்.

இராஜம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஒரு பூச்சி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி ஏன் ஒரு படித்த பெண் இப்படி அலைய வேண்டும்? அந்தப் பூச்சி ஏன் செத்துத் தொலையாமல் பதினெட்டு வருடமாக ரகசியமாகக் குடும்பம் நடத்தியது? அம்மன் அனுப்பியதா? எந்த அம்மன்? தோட்டத்து அம்மன் என்றால், அவள் இங்கே வரவே இல்லையே. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு இதையே யோசித்தாள். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகும் யோசித்தாள். ஒரு நாள் ஒரு பையனை அவன் பள்ளிக்கூடத்தில் இறக்காமல் அடுத்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டாள்.

சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தாள். ஜுபைதா இப்போது அங்கே மகன் வைத்திருக்கும் துணிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகளையும் வாடிக்கையாளரையும் ஒரே குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள். இராஜம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"மண்ணு எடுத்தோம். அதுக்கு இப்ப என்ன?" என்றாள் ஜுபைதா.

"மண்ணுக்குள்ள பூச்சி இருந்துச்சு ஜுபைதா."

"பூச்சி வந்து பேசுமா?"

"பேசுது. அந்தப் புள்ள புனிதாகிட்ட எல்லாத்தையும் சொல்லுது. அதான் பயமா இருக்கு."

ஜுபைதா யோசித்தாள். "சொல்லாத. இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு ஒரு மனுஷன் மனசப் புண்ணாக்குற?" என்றாள். தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தாள். "இல்ல, சொல்லிடு. ஒனக்கு மூஞ்சே சரியில்ல, இப்படியே போனா நீ படுத்துடுவ. பழிய என் மேல போடு, நான்தானே அள்ளச் சொன்னேன்." ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தாள். படி ஏறும்போது கையைப் பிடித்தாள். "எதுக்கும் சொல்லாம இருந்து பாரேன் லா."

கிள்ளான் வந்து சேரும்வரை இராஜம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. ஜுபைதாவைப் பார்க்கப் போனதே தப்பு என்று மட்டும் தெரிந்தது.

மறு வாரம் புனிதா மடிக்கணினியோடு வந்தாள். திருச்செல்வம் அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைப் பெருமையாக அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரையைத் திருப்பினாள். சிலாங்கூர் வரைபடம். மலைப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி, கிள்ளானில் ஒரு சிவப்புப் புள்ளி. நடுவில் ஒன்றுமே இல்லை.

"இது ரெண்டும் பாத்த எடம். மூணாவது, தோட்டம் இருந்த எடத்துல வைக்கணும். அங்கதான் எனக்குக் குழப்பம் அங்கிள். நான் நேரா போய் ரெண்டு நாள் தேடினேன். அங்க எல்லாம் வீடு, காஞ்ச செம்மண்ணு. பழைய ஆளுங்களக் கேட்டேன், அந்தப் பக்கம் பாசிப் பாறையே கிடையாதுன்றாங்க. இந்த வகை அங்க இருந்திருக்க வாய்ப்பே இல்ல. ஆனா நீங்க அங்க இருந்துதான் மண்ணு வந்துச்சுன்னு சொல்றீங்க. அதனால வைக்கத்தான் வேணும்."

"வையிம்மா, தைரியமா வையி," என்றார் திருச்செல்வம்.

இராஜம்மா வாசற்படியிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "வச்சா என்னம்மா ஆகும்? ஒரு புள்ளிதானே?"

"வச்சா, இது மலையிலயும் இருந்துச்சு, கீழ தோட்டத்துலயும் இருந்துச்சுன்னு ஆயிடும் ஆன்டி. எங்க வேணா வாழற பூச்சிதான்னு எல்லாரும் விட்டுடுவாங்க. அந்த ஒரு ஓடைய நாளைக்கு யாராவது மூடினாக்கூடக் கேக்க ஆள் இருக்காது. என் பேர் போட்டு எழுதினத நம்பி அடுத்து வர்றவங்க தோட்டத்துல போய்த் தேடிட்டு இருப்பாங்க." புனிதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னொண்ணும் புரியல. கிள்ளான் வெயிலுக்கு இந்தப் புழு ரெண்டு மூணு நாள் ஈரம் இல்லைன்னா செத்துடும். பைப்புத் தண்ணி ஊத்தியிருந்தாலும் இவ்ளோ நாள் தாங்கியிருக்காதுன்னு நினைக்கிறேன். யாரோ ஒரு நாள் விடாம மழைத் தண்ணி ஊத்தியிருக்காங்க."

"யாரோவா? என் பொண்டாட்டிம்மா! பதினெட்டு வருஷம்!" திருச்செல்வம் நாற்காலியின் கையைத் தட்டினார். "இந்தத் தாமான்ல கேட்டுப் பாரு, இவள மாதிரி பக்தி எவளுக்கு இருக்கு?"

"ஏன் ஆன்டி ஊத்தினீங்க?" என்றாள் புனிதா.

பொன்னாடை போர்த்தியவர்கள் கேட்காத கேள்வி. பெற்ற மகள் கேட்காத கேள்வி. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தி வாயைத் திறந்து ஏன் என்று கேட்டாள். ஆறு வயதில் வேனில் வண்டு கொண்டு வந்தபோதும் இவள் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்டுக் கழுத்தறுப்பாள். இராஜம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது தோட்டத்து மண்ணு இல்லம்மா."

அவள் புனிதாவைப் பார்த்தே பேசினாள். கணவர் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை. ஜாகாக்காரர், தகர வேலி, ஜுபைதா, டிபன் மூடி எல்லாவற்றையும் சொன்னாள். "காஞ்சா வெள்ளையா தெரியும். யாராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு ஊத்தினேன். வேண்டுதல் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம்."

"எந்த ஓடை ஆன்டி? எந்த எடம்?" புனிதாவுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

"மலை ரோட்டுல மூணாவது பாலம். எடது கை பக்கம்."

"அதேதான்!" புனிதா துள்ளிக் குதித்தாள். குதித்த பிறகுதான் திருச்செல்வத்தின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

திருச்செல்வம் பேசியபோது கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் இராஜம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழி தெரியாமல் நடுரோட்டில் நின்று கேட்பவர் மாதிரி கேட்டார்.

"அப்ப எனக்கு முதுகு ஆபரேஷன் பண்ணப்ப, அந்தத் தொட்டிக்கு முன்னாடி விழுந்து கும்பிட்டேனே. நடந்தேனே. அது யாரு?"

புனிதா கீழே விழுந்திருந்த நோட்டீசை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அத்தன பேரும் அழுதாங்களே ராஜம்மா. அந்தச் சேத்த நெத்தியில வச்சிக்கிட்டு. யாரக் கும்பிட்டோம் நாம?"

அவர் எழுந்து, மேசையில் இருந்த நோட்டீஸ் கட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு அறைக்குள் போனார். புனிதா செருப்பை மாட்டிக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனாள். வரைபடத்தில் தோட்டத்துப் புள்ளியை வைக்கப் போவதில்லை என்று அன்று மாலை செய்தி அனுப்பினாள். நன்றி ஆன்டி என்று கூடவே ஒரு பூப் படம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு இராஜம்மாவுக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் எதற்கு என்று தோன்றியது. மறைக்க இனி என்ன இருக்கிறது? ஊற்றினால், இன்னும் நாடகம் ஆடுகிறாள் என்று அவர் நினைக்கமாட்டாரா? ஊற்றாவிட்டால் அந்த நெட்டைக்கால்கள்? அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. நேராகப் போய் வேனைக் கிளப்பினாள்.

அடுத்த நாளும் ஊற்றவில்லை. வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். அது திட்டுவதை விட மோசமாக இருந்தது. பிற்பகல் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது கோவில் பக்கம் வேனை மெதுவாக ஓட்டினாள். தொட்டியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை படர்ந்திருந்தது. திருச்செல்வம் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. பதினெட்டு வருடம் அவர் கண்ணில் படாமல் காத்தது, அவர் கண்ணுக்கு நேராகக் காய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. சந்து முனையிலிருந்து பீப்பாய் மூடி நகரும் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாததா? செருப்புக்கூடப் போடாமல் போனாள்.

வேப்பமரத்து விளக்கு வெளிச்சத்தில் திருச்செல்வம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நின்றார். முதுகு வலிக்காரர், வாளியைத் தூக்கத் தெரியாமல் தூக்கிப் பாதித் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். சுவர் மூலையில் சிலந்தி நூலில் ஏழோ எட்டோ மிச்சம் இருந்தன. மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் வந்தது அவருக்குத் தெரிந்தது. திரும்பாமலே கேட்டார்.

"எவ்வளவு ஊத்துவ?"

பூச்சிக்காகக் கேட்கிறாரா, அம்மனுக்காகக் கேட்கிறாரா, தனக்காகக் கேட்கிறாரா? அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

"வெள்ளை தெரியாம போற வரைக்கும்," என்றாள்.

அவர் மிச்சத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். ஓரத்து வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. இன்னும் ஒரு மூலை பாக்கி இருந்தது. அவர் வாளியை நீட்ட, இராஜம்மா வாங்கிக்கொண்டு பீப்பாய்க்குப் போனாள். மொண்டு கொண்டுவந்து அந்த மூலையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, அந்தச் சேற்றுக்கு முன்னால், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, கை கூப்பி நின்றாள்.